தொண்டையைத் திட்டாதீர்கள்: பாடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றுப்பக்க ஊர்களிலும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். கச்சேரிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் வருகிறார்கள், பாதயாத்திரையில் முன்னால் நின்று பாடும் அண்ணன்மார் வருகிறார்கள், பேத்திக்குத் தாலாட்டுப் பாடவேண்டும் என்று ஆச்சிகளும் வருகிறார்கள். எல்லோரும் குறை சொல்வது தொண்டையைத்தான். கோளாறு பல சமயம் அங்கே இருப்பதே இல்லை. காற்றில் இருக்கும், அல்லது வாயில் இருக்கும், அடி மட்டும் தொண்டைக்கு விழும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன்.

பாடுவதற்கு உடற்கூறு எதற்கு? நம் முன்னோர் இதையெல்லாம் படித்துவிட்டா பாடினார்கள்?

படித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஒரு இயலே இருக்கிறது. உந்தியிலிருந்து கிளம்பும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் இவற்றோடு சேர்ந்து எழுத்தொலியாகிறது என்று எட்டு இடங்களை அதில் சொல்லியிருக்கிறார்கள். அது எழுத்துக்குச் சொன்னது என்றாலும் பாட்டுக்கும் அடிப்படை அதேதான்: கீழேயிருந்து காற்று வருகிறது, நடுவில் குரல் நாண்கள் அதிர்கின்றன, மேலே தொண்டைக்குழியும் வாயும் மூக்கும் அந்த அதிர்வுக்கு நிறம் கொடுக்கின்றன. இந்த மூன்றில் எது சொதப்புகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. பாடும்போது உயிருள்ள மனிதரின் குரல் நாண் எப்படி அசைகிறது என்று தெளிவாகப் பார்த்து எழுதிவைத்தவர் டாக்டர் இல்லை, மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854-ல் பல் மருத்துவர் வைத்திருக்கும் மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, சூரிய வெளிச்சத்தைக் கைக்கண்ணாடியால் உள்ளே திருப்பி, தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். மனிதர் 101 வயது வரை இருந்தார். ஆகவே இது நம் தொழிலுக்கு அந்நியமான படிப்பு ஒன்றும் இல்லை.

குரல் நாண் எங்கே இருக்கிறது? எவ்வளவு நீளம்?

கழுத்தின் முன்பக்கம் விரல் வைத்து எச்சில் விழுங்குங்கள். மேலே ஏறி இறங்கும் கட்டியான குருத்தெலும்புதான் குரல்வளையின் முன்சுவர். ஆண்களுக்கு அது துருத்திக்கொண்டு வெளியே தெரியும். அதற்குப் பின்னால், மூச்சுக்குழாயின் வாயில், முன்னிருந்து பின்னாகப் படுத்திருக்கும் இரண்டு மடிப்புகள்தான் குரல் நாண்கள். நாண் என்றதும் கம்பி மாதிரி நினைக்காதீர்கள், உள்ளே தசை, மேலே மெத்தென்ற ஈரமான சவ்வு. ஆண்களுக்குச் சுமார் 17 முதல் 25 மில்லிமீட்டர், பெண்களுக்கு 12.5 முதல் 17.5 மில்லிமீட்டர். அவ்வளவுதான். ஏறக்குறைய கட்டைவிரல் நகத்தளவுதான், அதைத்தான் நாம் திருவிழா முழுக்கக் கத்தவிடுகிறோம்.

அதன் முதல் வேலை பாட்டு இல்லை. சாப்பாடும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காப்பது, கனமான பொருளைத் தூக்கும்போது மூச்சைப் பூட்டிவைப்பது, இதற்காகத்தான் அது இருக்கிறது. பயந்தாலோ முக்கினாலோ தொண்டை தானாக இறுகுவதற்குக் காரணம் இதுதான். மேடையில் பதற்றம் வந்ததும் குரல் அடைப்பதும் அதே காரணம்தான்.

ஆண்களுக்கு 1 கட்டை, பெண்களுக்கு 5 கட்டை என்று ஏன் சொல்கிறார்கள்? எனக்கு எது?

கட்டை என்பது நீங்கள் ஸட்ஜத்தை (ஸ) வைத்துக்கொள்ளும் சுருதி, சுருதி ஏற ஏற எண்ணும் ஏறும். நாண் நீளமாகவும் தடிமனாகவும் இருந்தால் மெதுவாக அதிரும், சிறிதாக இருந்தால் வேகமாக அதிரும். 1 கட்டையில் பாடும் ஆணின் மத்திம ஸ்தாயி (நடு ஸ்தாயி) ஸட்ஜத்தில் நாண்கள் நொடிக்குச் சுமார் 131 தடவை சேர்ந்து பிரிகின்றன. 5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு 196 தடவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆணின் பஞ்சமம்தான் இந்தப் பெண்ணின் ஸட்ஜம். நம் பாட்டுக்குப் பொதுவாக மந்தர பஞ்சமத்திலிருந்து (கீழ் ஸ்தாயி ப) தார பஞ்சமம் (மேல் ஸ்தாயி ப) வரை வேண்டும் என்பார்கள். 5 கட்டைக்காரருக்கு அது 147-லிருந்து 588 வரை, சரியாக நாலு மடங்கு.

உங்கள் கட்டையைக் கண்டுபிடிக்க மேலே எவ்வளவு போகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். மந்தர பஞ்சமம் காற்றாகப் போகாமல் குரலாகக் கேட்கவேண்டும், தார காந்தாரத்தில் (மேல் ஸ்தாயி க) முகம் கோணாமல் கார்வை, அதாவது நீட்டிப் பிடிக்கும் ஸ்வரம், நிற்கவேண்டும். இரண்டும் நடக்கிற கட்டைதான் உங்களுடையது. 5½-ல் பாடினால் கௌரவம், 4½ என்றால் குறைச்சல் என்று ஒரு எண்ணம் அம்மாக்களிடம் இருக்கிறது, அதைத் தயவுசெய்து வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வாருங்கள்.

மேல் ஸ்தாயிக்குப் போனால் கழுத்து நரம்பு புடைக்கிறது, குரல் நெரிகிறது. என்ன செய்ய?

இதுதான் அதிகம் வரும் கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

காரைக்குடி என்றாலே வீணை நினைவுக்கு வரும், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். வீணையில் மேலே போகவேண்டும் என்றால் அதிரும் தந்தியின் நீளத்தைக் குறைக்கிறோம். தொண்டையில் நடப்பது தலைகீழ். சுருதி ஏற ஏறக் குரல் நாண் நீளுகிறது, நீண்டு மெலிந்து விறைப்பாகிறது. அதைச் செய்வது குரல்வளையின் முன்பக்கம் உள்ள ஒரு சின்னத் தசை. நான் சொன்ன கட்டியான குருத்தெலும்புக்குக் கீழே விரலை நகர்த்தினால் ஒரு பள்ளம், அதற்கும் கீழே மோதிரம் மாதிரி இன்னொரு குருத்தெலும்பு தட்டுப்படும். அந்தப் பள்ளத்தில் விரலை லேசாக வைத்துக்கொண்டு கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு வழுக்கிக்கொண்டு போங்கள், பள்ளம் சுருங்குவது தெரியும். மேல் ஸ்தாயிக்குத் தேவையான வேலை அது ஒன்றுதான்.

கழுத்தின் இரண்டு பக்கமும் புடைக்கிற தசைகள் தலையைத் திருப்ப இருப்பவை, தாடைக்கு அடியில் இறுகுவது விழுங்குவதற்கு இருப்பது. இவை சுருதியை ஏற்றுவதில்லை. உதவிக்கு வருகிறேன் என்று வந்து குரல்வளையை மேலே இழுத்து நெரிக்கின்றன, நாணும் நீள இடமில்லாமல் தவிக்கிறது. மேலே போகும்போது குரல்வளை கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை, விழுங்குகிற உயரத்துக்கு ஏறிவிட்டால் ஆபத்து.

இன்னொரு தப்பு, சுருதி ஏறும்போது சத்தத்தையும் சேர்த்து ஏற்றுவது. கீழே பேசுகிற தடிமனிலேயே நாணை வைத்துக்கொண்டு மேலே தள்ளினால் ஒரு இடத்தில் அது தாங்காமல் டக்கென்று உடைந்து பொய்க்குரலுக்குத் தாவும். அந்த இடத்தில் கத்துவதற்குப் பதில், அதற்கு மூன்று நாலு ஸ்வரம் கீழேயே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி: உதட்டைப் புர்ர்ர் என்று அதிரவிட்டுக்கொண்டே ஏறி இறங்குங்கள். வராதவர்கள் ஒரு ஸ்ட்ராவைத் தம்ளர் தண்ணீரில் இரண்டு விரல் ஆழம் விட்டு, குமிழி வரும்படி அதற்குள் ஸ்வரம் பாடுங்கள். வாய் பாதி மூடியிருப்பதால் காற்று திரும்ப அழுத்தி நாண்கள் ஒன்றோடொன்று மோதும் வேகத்தைக் குறைக்கிறது. அப்படிப் பாடும்போது கழுத்தை இறுக்கினால் குமிழி நின்றுவிடும், அதனால் ஏமாற்றவும் முடியாது. ஐந்து நிமிடம் போதும், அப்புறம் அதே ஸ்வரங்களை அகாரத்தில், அதாவது "ஆ" என்று, பாடுங்கள்.

"வயிற்றிலிருந்து பாடு" என்று வாத்தியார் சொல்கிறார். வயிற்றில் என்ன குரலா இருக்கிறது?

குரல் இல்லை, கட்டுப்பாடு இருக்கிறது. நுரையீரலுக்குக் கீழே குடை மாதிரி கவிந்திருக்கும் தசை உதரவிதானம். மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்கிக் குடலைத் தள்ளுகிறது, வயிறு முன்னால் வருவது அதனால்தான், காற்று வயிற்றுக்குள் போவதால் இல்லை. இது மூச்சை உள்ளே இழுக்கும் தசை என்பதை மறக்காதீர்கள். "உதரவிதானத்தால் தள்ளு" என்று யூடியூபில் சொல்கிறார்களே, அதற்குத் தள்ளத் தெரியாது. வெளியே தள்ளுவது வயிற்றுச் சுவரின் தசைகளும் விலாவுக்கு இடையில் உள்ள தசைகளும்.

நெஞ்சு நிறைய காற்று இருக்கும்போது அது தானாகவே பீய்ச்சிக்கொண்டு வெளியே போகப் பார்க்கும். விலாவை உடனே சுருங்கவிடாமல் விரித்து வைத்துக்கொண்டால் அந்த வேகம் குறையும். வரியின் கடைசியில் காற்று குறையும்போது அடிவயிறு மெதுவாக உள்ளே வந்து உதவவேண்டும். இந்தக் கைமாற்றுதான் கார்வை ஆடாமல் நிற்பதற்குக் காரணம். மூச்சு போதவில்லை என்று வருகிறவர்களில் பலர் இழுப்பது போதாதவர்கள் இல்லை, முதல் நாலு எழுத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறவர்கள்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரே சீராகக் காற்றை விட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் என்று போட்டி போடவேண்டாம், சத்தம் ஏறாமல் இறங்காமல் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் உட்காரும் விதம். சம்மணம் போட்டுக் கூன் விழுந்து உட்கார்ந்தால் வயிறு மடிந்து உதரவிதானம் இறங்க இடமில்லை. முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் உயரமாக இருக்கும்படி மணையோ மடித்த போர்வையோ போட்டுக்கொள்ளுங்கள். பாவாடை நாடாவையும் கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள், இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

"ஆ" என்றால் மேலே வருகிறது, "ஈ" வந்தால் சுருங்கிவிடுகிறதே?

நல்ல கேள்வி. குரல் நாணுக்கு மேலே உதடு வரை உள்ள குழி ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. நாக்கும் தாடையும் உதடும் அந்தக் குழியின் வடிவத்தை மாற்றுவதால்தான் அ, இ, உ எல்லாம் பிறக்கிறது. ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் அந்தக் குழி தாமாகவே தூக்கிக் கொடுக்கும் சில அதிர்வுகள் உண்டு. "ஈ"க்கு முதலாவது நொடிக்குச் சுமார் 300 தடவை பக்கம், "ஆ"வுக்கு 700, 800 பக்கம். 5 கட்டைப் பெண் தார பஞ்சமத்தில் 588-ல் பாடுகிறார். அங்கே "ஈ"யைப் பேசுகிற மாதிரி பல்லைக் கடித்துச் சொன்னால் குழியின் உதவி குரலுக்குக் கிடைக்காது, அதனால் தொண்டையைக் கொண்டு ஈடுகட்டப் பார்க்கிறோம். தாடையைக் கொஞ்சம் இறக்கி, "ஈ"யை "ஏ" பக்கம் லேசாகச் சாய்த்துப் பாருங்கள், குரல் தானாகத் திறக்கும். நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். நாக்கின் வேர் பின்னால் போய் அமுக்கினால் எந்த எழுத்தும் உருப்படாது.

அதற்காகச் சொல்லையே மாற்றிவிடாதீர்கள். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வைத்த அண்ணாமலை அரசர் பிறந்த கானாடுகாத்தான் இங்கே பக்கத்தில்தான், தமிழில் பாடும்போது கேட்கிறவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும், மறைக்க வழியில்லை. சாய்ப்பது மேல் ஸ்வரத்தில் மட்டும், அதுவும் நீண்ட கார்வையில் மட்டும்.

எங்கள் வீட்டு வளவில் (நடுமுற்றத்துக் கூடத்தில்) பாடினால் குரல் கணீரென்று இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் அதே பாட்டு சப்பென்று இருக்கிறது. ஏன்?

வீட்டைத்தான் பாராட்டவேண்டும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து வழவழவென்று பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயரமான கூரை, எல்லாமே ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. திரும்பி வரும் ஒலியைக் கேட்டு நாமும் நிதானமாகப் பாடுகிறோம். மண்டபத்தில் திரை, நாற்காலி, சனக்கூட்டம், ஏசி இரைச்சல். நம் குரல் நமக்கே கேட்காதபோது மனிதர் தானாகச் சத்தத்தைக் கூட்டுவார், நெரிப்பு அங்கே ஆரம்பிக்கும். வளவில் சாதகம் செய்வது சுகம்தான், வாரத்தில் ஓரிரு நாள் துணி தொங்கும் அறையில் செய்யுங்கள், உண்மை தெரியும். மேடையில் உங்கள் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

போனில் பதிவு செய்து கேட்டால் குரல் மெலிதாக, வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறதே என்பதும் இதோடு வரும் கேள்வி. பாடும்போது காற்று வழியாக வருவதோடு மண்டை எலும்பு வழியாகவும் உங்கள் காதுக்கு ஒலி போகிறது, அதில் கீழ்ச்சுருதி அதிகம். பதிவில் அது இல்லை. மற்றவர்கள் கேட்பது பதிவுக்குத்தான் கிட்டத்தில் இருக்கிறது, வருத்தமாக இருந்தாலும்.

பையனுக்கு 13 வயது. குரல் உடைந்துவிட்டது. வகுப்பை நிறுத்தட்டுமா?

மகரக்கட்டு. அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் பையன்களின் பிழைப்பே இதில் போனது உண்டு. சில மாதங்களில் குரல்வளை வேகமாகப் பெரிதாகிறது, நாண் நீண்டு தடிக்கிறது, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. மூளைக்குப் பழைய அளவுதான் பழக்கம், அதனால்தான் குரல் வழுக்குகிறது. நிறுத்த வேண்டாம் அப்பச்சி, சுருதியை இறக்கிவிடுங்கள், மேல் ஸ்தாயியைத் தொடாதீர்கள், மெதுவான சத்தத்தில் நடு ஸ்வரங்களை மட்டும் பாடட்டும். தாளமும் ராக ஞானமும் வளர்க்க இது நல்ல காலம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முன்னால் அவனைப் பாடச் சொல்லிச் சிரிக்காமல் இருந்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் சில ஸ்வரம் இறங்கும், கொஞ்ச நாள் காற்றாக வரும், அது தன்னால் சரியாகும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும்போது வழியெல்லாம் பாடுகிறோம். பழனி போய்ச் சேருவதற்குள் குரல் போய்விடுகிறது.

போகாமல் என்ன செய்யும்? தை மாதத்துப் பனி, ரோட்டுப் புழுதி, தூக்கமில்லை, நடந்துகொண்டே பாட்டு, நடுநடுவே அரோகரா. நடக்கும்போது உடம்பு மூச்சை வேகமாகக் கேட்கிறது, பாட்டு நீளமாகக் கேட்கிறது, இரண்டுக்கும் நடுவில் வாயால் இழுத்து இழுத்து நாணின் மேல் உள்ள ஈரம் காய்ந்துபோகிறது. காய்ந்த சவ்வு அதிர அதிக அழுத்தம் வேண்டும், அழுத்தம் கூடினால் வீக்கம், வீங்கினால் இன்னும் அழுத்தம்.

வரிகளைச் சின்னதாக வெட்டி, பாதியைக் கூட்டத்துக்கு விடுங்கள். ஏற்றத்தில் பாடாதீர்கள். மூச்சை முடிந்தவரை மூக்கால் இழுங்கள், விடிகாலைப் பனியில் வாய்க்கு மேல் துண்டு. கூட்டத்தின் சுருதி ஏறிக்கொண்டே போகும், முன்னால் பாடுகிறவர்தான் அதை இறக்கவேண்டும், ஒவ்வொரு பாட்டையும் புதிதாகக் கீழேயிருந்து எடுங்கள். அரோகராவைக் கத்துவது கூட்டத்தின் வேலை, உங்களுடையது இல்லை. சாதத்துக்கு உட்காரும் இடத்தில் அரட்டையை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள் அண்ணே, அதுவும் விரதம்தான்.

குரல் கம்மிவிட்டால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், பலருக்கு அது நாணை இன்னும் இறுக்கும். மெல்லிய சாதாரணக் குரலில் குறைவாகப் பேசுங்கள். கர்ர் என்று தொண்டையைச் செருமினால் வீங்கிய நாண்கள் அடித்துக்கொள்ளும், அதற்குப் பதில் ஒரு வாய்த் தண்ணீர் விழுங்குங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மேலும் பாடுவது மோசம், வலி தெரியாது, அடி மட்டும் விழும். திரும்பி வந்து மூன்று வாரம் ஆகியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புகை பிடிப்பவர்கள் அதுவரை கூடக் காத்திருக்கக் கூடாது. நாணில் சின்ன முடிச்சு இருந்தால் பெரும்பாலும் ஓய்வும் குரல் பயிற்சியும் போதும்.

மிளகுப் பால், பனங்கற்கண்டு, வெந்நீர்: எது குரலுக்கு நல்லது?

குடிக்கும் எதுவும் குரல் நாணைத் தொடாது. தொட்டால் புரையேறும். தண்ணீர் உணவுக்குழாய் வழியாகப் போய், ரத்தத்தில் கலந்து, மெதுவாகத்தான் அந்தச் சவ்வுக்கு வருகிறது, ஆகவே மேடை ஏறும்போது ஒரு லிட்டர் குடித்தால் வேறு அவசரம்தான் வரும். காலையிலிருந்து குடியுங்கள். நேராக நாணுக்குப் போவது நீங்கள் இழுக்கும் காற்று ஒன்றுதான், அதனால் ஆவி பிடிப்பது நல்லது, வெறும் வெந்நீர் ஆவி போதும். பனங்கற்கண்டு வாயில் அடக்கினால் எச்சில் ஊறும், செருமல் குறையும், அந்த அளவில் நல்லதுதான்.

நான் அதிகம் பயப்படுவது ராத்திரிச் சாப்பாட்டுக்கு. நம் ஊர் விசேஷச் சாப்பாடு பத்து மணிக்கு மேல், மிளகும் மிளகாயும் எண்ணெயுமாக, சாப்பிட்டதும் படுக்கை. இரைப்பை அமிலம் மேலே வந்து குரல்வளையின் பின்பக்கத்தை நனைத்தால் காலையில் கரகரப்பு, சளி இருக்கிற மாதிரி ஒரு உணர்வு, நெஞ்செரிச்சல் இல்லாமல்கூட. கச்சேரிக்கு முந்தின நாள் எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள்.

பிருகா (வேகமாக உருளும் ஸ்வரங்கள்) வரவேமாட்டேன் என்கிறது.

சிலருக்குச் சாரீரத்திலேயே (குரல்வாகிலேயே) அது இருக்கும், சிலருக்கு இருக்காது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் வராததற்கு அடிக்கடி காரணம் சத்தம். நாணை நீட்டும் தசையும் சுருக்கும் தசையும் மாறி மாறி வேகமாக வேலை செய்யவேண்டும், முழுச் சத்தத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் எதுவும் நகராது. பாதிச் சத்தத்தில், மெதுவான காலத்தில், ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும்படி பாடி அப்புறம் காலத்தை ஏற்றுங்கள். தாடை ஆடினால் அது பிருகா இல்லை, தாடைதான்.

வயது 64. முன்பு தாலாட்டும் கும்மியும் பாடுவேன், இப்போது குரல் நடுங்குகிறது.

வயதானால் நாணின் தசை மெலிந்து நடுவில் சின்ன இடைவெளி விழும், காற்று கசியும், நடுக்கம் தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குக் குரல் கொஞ்சம் இறங்கவும் செய்யும், முதுமையில் ஆண்களுக்குச் சற்று ஏறும். ஆச்சி, பழைய சுருதியைப் பிடித்துத் தொங்கவேண்டாம். ஒரு கட்டை இறக்கிக்கொண்டு தினம் பத்து நிமிடம் சத்தமாகப் படித்தாலும் பாடினாலும் தசை திரும்ப வலுப்பெறும். பேசாமல் வீட்டில் தனியாக இருப்பதுதான் குரலுக்கு ஆகாது.

தைராய்டு ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார்கள். குரல் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது, ஆனால் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. குரல் நாணைத் திறந்து மூடும் நரம்பு மூளையிலிருந்து நேராக வருவதில்லை, இடது பக்கம் இதயத்துக்கு மேல் உள்ள பெருந்தமனி வரை இறங்கி, அதைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே ஏறி, தைராய்டு சுரப்பியின் பின்பக்கம் ஒட்டியபடி குரல்வளைக்குள் நுழைகிறது. நாணை நீட்டும் தசைக்குப் போவது வேறொரு மெல்லிய நரம்பு, அது சுரப்பியின் மேல் முனைக்கு அருகில் ஓடுகிறது. இந்த இரண்டாவதற்கு அடிபட்டால் பேச்சு நன்றாகத்தான் இருக்கும், மேல் ஸ்தாயி மட்டும் காணாமல் போகும், பாடாதவர்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஆகவே பாடுகிறவர் என்பதை அறுவை செய்யும் டாக்டரிடம் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள், இரண்டு நரம்பையும் எப்படிப் பாதுகாப்பார் என்று கேளுங்கள், ஆபரேஷனுக்கு முன்பே குரல் நாண் அசைவைப் பார்த்து எழுதிவாங்கி, மந்தரத்திலிருந்து தாரம் வரை உங்கள் குரலைப் போனில் பதிவு செய்தும் வைத்துக்கொள்ளுங்கள். தையல் ஆறியதும் எப்போது பாடலாம் என்பதை அவர் சொல்லட்டும், அதற்குப் பிறகு ஸ்ட்ராவும் தம்ளரும் எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.